தோளைத் தானே காட்டும் கொரில்லா

ஊசி போடும்போது நாம் கையை இழுத்துக்கொண்டால் நர்ஸம்மா ஓர் அதட்டல் போடுவார். 160 கிலோ எடையுள்ள ஆண் கொரில்லாவை யார் அதட்டுவது?

கொரில்லா, சிம்பன்சி, போனோபோ, ஒராங்குட்டான் ஆகியவை பெரிய மனிதக் குரங்குகள். மிருகக்காட்சி சாலையில் இவற்றுக்குப் பல் பிடுங்குவதானாலும் எக்ஸ்ரே எடுப்பதானாலும், மயக்க ஊசி போட்ட பிறகுதான் டாக்டர் பக்கத்தில் போக முடியும்.

முந்தின இரவே தீனி நிறுத்தப்படும். இல்லையென்றால் மயக்கத்தில் வாந்தி எடுத்து, அது மூச்சுக்குழலில் இறங்கிவிடலாம். மறுநாள் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனி அறையில் விட்டு, ஊதுகுழலாலோ துப்பாக்கியாலோ ஊசியை அம்பு மாதிரி எய்வார்கள். கெட்டமைன், மெடிடோமிடின் போன்ற மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதுண்டு. மிருகம் சாய்ந்ததும் நாடித்துடிப்பு, மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எல்லாம் கடைசிவரை கண்காணிக்கப்படும். வேலை முடிந்ததும் மெடிடோமிடினை முறிக்க அட்டிபமசோல் ஊசி.

இதிலே இரண்டு சிக்கல். முதலாவது பயம். மனிதக் குரங்குக்கு ஞாபகசக்தி அதிகம். ஊதுகுழலைப் பார்த்தாலே மிரளும். மிரண்ட உடம்பில் மருந்து சரியாகப் பிடிக்காது. இரண்டாவது இதயம். மிருகக்காட்சி சாலைகளில் வளர்ந்த மனிதக் குரங்குகள் சாவதற்கு முக்கியக் காரணம் இதய நோய். சோதிக்க மயக்கம் கொடுக்க வேண்டும்; பலவீனமான இதயத்துக்கோ மயக்கமே ஆபத்து! மெடிடோமிடின் ரத்த அழுத்தத்தையும் மாற்றிவிடும். அப்புறம் சரியான அளவு எப்படிக் கிடைக்கும்?

இதற்குக் கண்ட வழி பயிற்சி. கம்பிவலைப் பக்கம் தோளைக் கொண்டுவந்தால் ஒரு பழம். குச்சியால் தொடவிட்டால் இன்னொன்று. அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்சு, கடைசியில் நிஜ ஊசி. அடி கிடையாது. பிடிக்காவிட்டால் அது எழுந்து போய்விடலாம்.

சில சோதனைகளுக்கு மயக்கமே வேண்டியதில்லை. அமெரிக்காவில் அட்லாண்டா மிருகக்காட்சி சாலைக்காரர்கள், ஜார்ஜியா டெக், எமோரி கல்வி நிலையங்களின் பொறியியல் மாணவர்களோடு சேர்ந்து 'கொரில்லா டஃப் கஃப்' என்ற ரத்த அழுத்தக் கருவியைச் செய்தார்கள். கொரில்லா தானாகக் கையை உள்ளே விடும். பட்டை காற்றடைத்து இறுக்கி அளவெடுக்கும். 2009ல் ஆஸி என்ற முதிய கொரில்லா இப்படி விழித்தபடியே ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டது. 61 வயதுவரை வாழ்ந்து, 2022ல் இறந்தது.

செய்தவர்கள் நம்மைப் போல மாணவர்கள் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்!

எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசல் மிதித்த முதல் ஆள் நான். "இந்தப் படிப்பு எதுக்குடா ஆகும்?" என்று அப்பா கேட்டபோது இந்தக் கதையைத்தான் சொன்னேன். எங்க ஊரில் லாடம் அடிக்க மாட்டைக் கயிறு போட்டுக் கீழே சாய்ப்பார்கள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குரங்கே கைய நீட்டுதுன்னா, நம்ம மாட்டுக்கும் ஒரு வழி பண்ணக்கூடாதா?" என்றார்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் நண்பர்களே, இதோ ஒன்று. சேர்ந்து செய்ய யார் வருகிறீர்கள்?