ஏரியை ஏலம் எடுப்பவரின் கணக்கு

ஏலத்துக்கு முன்பே கரையில் ஒரு நடை போய்விடுவார்கள் குத்தகைதாரர்கள். மதகு ஒழுகுகிறதா, கலிங்கல் எத்தனை உயரம், உள்வாயில் கட்டாமணக்கு எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். புதர் மண்டிய இடத்தில் இழுவலை கிழியும். அந்தப் பரப்பைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டுத்தான் தொகை சொல்வார்கள்.

இங்கிலாந்தில் ஆற்றங்கரை நிலத்துக்காரருக்கு நடு ஆறுவரை மீன்பிடி உரிமை உண்டு. அதை மட்டும் தனியே விற்கவும் வாங்கவும் முடியும். புதுச்சேரியின் 84 பாசன ஏரிகளில் அப்படிச் சொந்தம் கொண்டாட முடியாது. தண்ணீரில் முதல் பாத்தியதை ஆயக்கட்டு விவசாயிக்கு. மீன் பிடிக்கும் உரிமை மட்டும் குத்தகைக்குப் போகும்.

ஆகவே, ஏரியின் விலை தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்பதில்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விடுகிறார்கள். அவை ஒரு கிலோ தேற ஏறத்தாழ ஓராண்டாகும். சித்திரை, வைகாசியில் ஏரி வற்றினால் அரைகுறை எடையிலேயே அள்ள வேண்டியதுதான். அப்போது கைகொடுப்பவை யாரும் விடாமலே பெருகும் விராலும் கெளுத்தியும் ஜிலேபியும்.

தண்ணீர் மிஞ்சினாலும் நட்டம். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து, சொர்ணாவூர் அணைக்கட்டு வழியாக, பங்காரு வாய்க்காலில் நீர் வருகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை ஒட்டி அந்த ஆறு பெருக்கெடுத்து, பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள்ளேயே புகுந்தது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் கலிங்கல் வழிந்தால் விட்ட குஞ்சுகளும் கூடவே போய்விடும்.

வில்லியனூர்ப் பக்கம் ஊசுடேரியின் கதை வேறு. 2008-ல் அதன் புதுச்சேரிப் பகுதி பறவைகள் சரணாலயமானது. அங்கே மீனின் மதிப்பை நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் சேர்த்தே தீர்மானிக்கின்றன.

ஓராண்டுக் குத்தகையில் சிக்கல் இருக்கிறது. போட்ட பணத்தை அதற்குள் எடுத்தாக வேண்டியவர், சினை மீனையும் விடமாட்டார். மதகைத் திறந்து சீக்கிரம் வடித்துவிடவே பார்ப்பார். விவசாயியோடு தகராறு தொடங்குவது அங்கேதான். 1999-ல் ஐரோப்பிய ஒன்றிய நிதியுடன் தொடங்கிய ஏரி புனரமைப்புத் திட்டத்தில் உருவான ஏரிச் சங்கங்களை ஏலத்தில் பங்காளியாக்கினால், மதகுச் சாவி ஒரு கண்காணிப்பில் இருக்கும்.

மூன்றாண்டுக் குத்தகை, மதகடியில் இத்தனை அடி நீரை விட்டுவைக்க வேண்டும் என்ற நிபந்தனை: இரண்டையும் ஏல அறிவிப்பிலேயே எழுதலாம். வற்றாது என்று தெரிந்த ஏரிக்கு யாரும் கூடுதலாகவே கேட்பார்கள்.