எழுத்துக்கு நடுவே எண்

புதுச்சேரியின் குருசுக்குப்பத்து முகவரி ஒன்று "பழைய எண் 12, புதிய எண் 7, 2-வது குறுக்குத் தெரு" என்று தொடங்கி, 605 எனத் தொடங்கும் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டில் முடியுமானால், எழுத்துகளை நீக்கி இலக்கங்களை மட்டும் ஒட்டவைக்கும் நிரல் 1272605… என்னும் பொருளற்ற எண்ணையே தரும். ஆகவே தரவுத் தூய்மையாக்கத்தில், அதாவது பதிவுகளைக் கணக்கிடத்தக்க வடிவுக்குக் கொணரும் பணியில், 'ரெஜெக்ஸ்' எனப்படும் தேடல் வடிவத்தைக் கொண்டு, 'புதிய எண்' என்பதை அடுத்து வரும் இலக்கம், இறுதியில் நிற்கும் ஆறு இலக்கங்கள் என ஒவ்வொன்றையும் அதன் இடம் பார்த்தே எடுக்க வேண்டும். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆவணங்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது: பிரெஞ்சு வழக்கில் காற்புள்ளியே தசமக் குறி என்பதால், 1,250 என்பது ஆயிரத்து இருநூற்றைம்பது அன்று, ஒன்றேகால்; அக்குறியைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கினால் தொகை ஆயிரம் மடங்காகிவிடும். அஞ்சல் குறியீட்டையோ யாரும் கூட்டிக் கழிக்கப்போவதில்லை. அதை எழுத்தாகவே சேமிப்பதுதான் முறை.