அழுகைக்கு ஐந்து சொட்டு
குழந்தைகளின் வயிற்றுவலிக்குப் புரோபயாட்டிக்: பலன் உண்டு, எல்லோருக்கும் அல்ல

விளக்கு வைக்கும் நேரத்தில் ஆரம்பிக்கிறது அழுகை. முகம் சிவக்க, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுகிறது ஒரு மாதக் குழந்தை. பாலுக்கும் அடங்கவில்லை, தாலாட்டுக்கும் அடங்கவில்லை. மைசூரின் ஹெப்பாள் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில், உரை மருந்து இழைக்கப் பாட்டி உடனில்லாத இளம் தம்பதிகள் ஓடுவது மருந்துக் கடைக்கு. அங்கே கிரைப் வாட்டருக்குப் போட்டியாக வந்திருக்கிறது புரோபயாட்டிக் சொட்டு மருந்து.

நாளுக்கு 3 மணி நேரம், வாரத்தில் 3 நாள், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது கோலிக். 1954ல் அமெரிக்க டாக்டர் மாரிஸ் வெஸல் வகுத்த கணக்கு இது. ஆறாவது வாரத்தில் உச்சத்தைத் தொடும். மூன்று, நான்கு மாதத்தில் தானாக அடங்கும். காரணம் இன்னும் புதிர்தான். இக்குழந்தைகளின் குடலில் நல்ல பாக்டீரியா குறைவு, வாயு உண்டாக்குபவை அதிகம் என்பது ஒரு விளக்கம்.

நம்பிக்கை தந்தது இத்தாலி. 2007ல் டூரின் நகர டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு லாக்டோபேசில்லஸ் ரூட்டரி என்ற பாக்டீரியா தரப்பட்டது. 28ம் நாளில் அவர்களின் தினசரி அழுகை 51 நிமிடம். சிமெத்திகோன் என்ற வாயு மருந்து பெற்றவர்களுக்கு 145 நிமிடம். ஆனால் 2014ல் மெல்போர்னில் 167 குழந்தைகளிடம் நடந்த சோதனை கைவிரித்தது. அதில் புட்டிப்பால் குழந்தைகளும் இருந்தார்கள்.

முடிச்சு அவிழ்ந்தது 2018ல். நான்கு சோதனைகளின் 345 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தாய்ப்பால் குழந்தைகளுக்குப் பலன் தெளிவாகத் தெரிந்தது. புட்டிப்பால் குழந்தைகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை. 1950களில் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்க வழி கண்டது மைசூரின் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். அந்த ஊரிலும் இந்தச் சொட்டு மருந்து கைகொடுப்பது தாய்ப்பாலுக்குத்தான்.

இன்னொரு சிக்கல், லேபிள். சோதனைகளில் தேறியது டிஎஸ்எம் 17938 என்ற ரகம். தினம் ஐந்து சொட்டு, அதில் 10 கோடி பாக்டீரியா. 'புரோபயாட்டிக்' என்று எழுதிய புட்டியெல்லாம் அதுவாகிவிடாது, தயிரும் மாற்றாகாது. குறைமாதக் குழந்தைகளுக்கு இத்தகைய பாக்டீரியாவே ஆபத்தாகலாம் என்று 2023ல் எச்சரித்தது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு.

எனவே முதலில் டாக்டர், பிறகுதான் சொட்டு. காய்ச்சல், பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம், பால் மறுப்பு இருந்தால் அது கோலிக் அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எரிச்சலில் குழந்தையைக் குலுக்கவே கூடாது. மூளையில் ரத்தம் கசியலாம். பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் விலகி நிற்பது மேல்.

சொட்டு மருந்தால் கிடைப்பது சில வாரத் தூக்கம். மீதியைக் காலம் பார்த்துக்கொள்ளும்.