பாயும் பிள்ளையும் நீந்தும் பிள்ளையும்: எலும்பை வலுவாக்கும் விளையாட்டு எது?

வடமராட்சிக்குக் கடலிலும் பெயர் உண்டு, மைதானத்திலும் பெயர் உண்டு. 1971 இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்து திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தன் வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி மாணவர்கள் குண்டெறிதலிலும் தட்டெறிதலிலும் பெயர் பெற்றவர்கள். ஊர்த் திடல்களில் மாலையானால் கரப்பந்தும் உதைபந்தும் நடக்கும். இவை எல்லாமே இதயத்துக்கும் தசைக்கும் நல்லவை. ஆனால் எலும்புக்கு எல்லா விளையாட்டும் ஒரே பயனைத் தருவதில்லை.

எலும்பு உயிருள்ள திசு. பாரமும் அதிர்வும் விழும் இடத்தில் அது தடிக்கும், சும்மா இருந்தால் மெலியும். காயப்பட்டு மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தவர்களின் கால் எப்படி மெலிந்தது என்பது எங்கள் மக்களுக்குத் தெரியும். எடையை உணராத விண்வெளி வீரர்கள் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சதவீத இடுப்பு எலும்பை இழப்பதும் இதே காரணத்தால்தான்.

துள்ளிப் பாய்ந்து தரையில் இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை காலெலும்பில் இறங்குகிறது. அதனால் கரப்பந்து, வலைப்பந்து, உதைபந்து, உயரம் பாய்தல் விளையாடும் பிள்ளைகளின் இடுப்பு, கால் எலும்புகள் அடர்த்தியாக வளர்கின்றன. நீச்சலில் தண்ணீர் உடலைத் தாங்கிவிடுகிறது. சைக்கிளில் ஆசனம் தாங்கிவிடுகிறது. இந்த இரண்டிலும் கடுமையாகப் பயிற்சி செய்பவர்களின் எலும்பு பெரும்பாலும் விளையாடாதவர்களின் எலும்பைப் போலவே இருக்கும், சிலவேளை அதைவிடக் குறைவாகவும் இருக்கும். இதற்காக நீச்சலை விடத் தேவையில்லை. நீந்தும் பிள்ளை கிழமையில் மூன்று நாளாவது கயிறடித்தால், கிளித்தட்டு விளையாடினால் அந்தக் குறையை ஈடுசெய்ய உதவும்.

எந்த விளையாட்டு என்பதைப் போலவே எந்த வயதில் என்பதும் முக்கியம். வளர்ந்தவரின் எலும்புச் சத்தில் ஏறத்தாழ கால்பங்கு, பிள்ளை கிடுகிடுவென வளரும் இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. இந்தச் சேர்க்கை பெண்பிள்ளைகளில் பன்னிரண்டரை வயதளவிலும் ஆண்பிள்ளைகளில் பதினான்கு வயதளவிலும் உச்சத்தில் இருக்கும். ரென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களின் இரு கைகளையும் பின்லாந்து ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 1995 இல் முடிவை வெளியிட்டார்கள். பருவமடையும் முன்னரோ அந்த வயதிலோ ஆடத் தொடங்கியவர்களின் ஆடும் கை எலும்பு பெற்ற பயன், பிந்தித் தொடங்கியவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு.

எங்கள் வீடுகளில் பிள்ளை சாமத்தியப்பட்டதும் "இனி விளையாட்டு வேண்டாம்" என்று மறிப்பதும் இதே வயதில்தான். எலும்பு சேரும் காலத்தில் மைதானம் பூட்டப்படுகிறது. யுத்த காலத்தில் பதின்வயதைக் கடந்த பெண்களுக்கு அந்த ஆண்டுகள் இடப்பெயர்விலும் பதுங்குகுழியிலும் உணவுத் தட்டுப்பாட்டிலும் போயின. அவர்களில் பலர் இன்று மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குகிறார்கள். அதன் பின் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். தாய்க்குக் கிடைக்காத அந்த ஆண்டுகளை மகளுக்காவது கொடுக்கலாம்.

விளையாட்டு மட்டும் போதாது. 9 முதல் 18 வயது வரை நாளுக்குச் சுமார் 1300 மில்லிகிராம் கல்சியம் வேண்டும் என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது. பால், தயிர், முள்ளோடு தின்னும் நெத்தலி, குரக்கன், எள்ளு, கீரை எல்லாம் கைகொடுக்கும். கல்சியம் உடலில் சேர விற்றமின் டி தேவை, அதற்கு வெயில் படவேண்டும்.

பயிற்சிக்கேற்ற சாப்பாடு இல்லாமல் ஓடும் பிள்ளைக்கு விளையாட்டே தீங்காகலாம். மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டாலோ, காலெலும்பில் ஒரே இடத்தில் நோவு நீடித்தாலோ பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். பயிற்றுநர்களும் பிள்ளைகளிடம் இதைக் கூச்சமின்றிக் கேட்கவேண்டும். அப்படிக் கேட்காமல் விட்டால் வருவது எலும்பு வெடிப்பு.