போக எட்டு மணி, வர ஏழு மணி

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் சுமார் 5,540 கிலோமீட்டர். திரும்பி வரவும் அதே தூரம்தான். ஆனால் கால அட்டவணையில் போவதற்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் என்றிருக்கும், வருவதற்கு ஏழுதான்.

பூமி சுழல்வதால் இப்படி என்று பலர் காரணம் சொல்வார்கள். விமானத்தின் அடியில் பூமி நழுவி ஓடுகிறது என்றால், அது மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், நியூயார்க் அல்லவா நம்மை நோக்கி வர வேண்டும்? மேற்கே போகும் பயணம்தான் சீக்கிரம் முடிய வேண்டும். நடப்பது நேர் எதிர். பூமியோடு சேர்ந்து அதன் காற்று மண்டலமும் சுற்றுகிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது.

உண்மைக் காரணம் சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. துருவத்துக் குளிர்ந்த காற்றும் தெற்கத்திய வெப்பக் காற்றும் சந்திக்கும் இடத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு குறுகலான காற்றோட்டம் பாய்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பது இதைத்தான். அதைக் கிழக்கே திருப்பிவிடுவதில் பூமியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு என்பதால், பழைய விளக்கத்தை முழுப் பொய் என்றும் தள்ள முடியாது. 1920களிலேயே ஜப்பானிய வானிலையாளர் வாசபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்துவிட்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று முடிவுகளை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அநேகமாக யாரும் படிக்கவில்லை.

2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையை வைத்து அளந்தால் அதன் உச்ச வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல். இருந்தும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை. ஓடும் ரயிலுக்குள் முன்னோக்கி நடப்பவரின் கால்களுக்கு ரயிலின் வேகம் தெரியாது. இறக்கைக்கும் அப்படித்தான், தன்னைச் சுற்றியுள்ள காற்றில் எவ்வளவு வேகம் என்பது மட்டுமே கணக்கு.

போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாமே என்று தோன்றும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேக விமானம், 150 கிலோமீட்டர் வேகக் காற்று என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாத நாளில் போய்வர 12 மணி 19 நிமிடம். காற்றடிக்கும் நாளில் 12 மணி 40. எதிர்காற்றில் வேகம் குறைவதால் அங்கே அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், 21 நிமிடம் நஷ்டம்.

அதனால்தான் அட்லாண்டிக்கின் மேல் நிலையான ஒரே பாதை கிடையாது. அன்றன்றைய காற்றைப் பார்த்து, கனடாவின் காண்டர், மறுகரையின் ஷான்விக் ஆகிய கட்டுப்பாட்டு மையங்கள் தினம் இரு முறை வான்தடங்களை வகுக்கின்றன. கிழக்கே வருபவை ஜெட் ஸ்ட்ரீமைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். மேற்கே போகிறவை அதை விட்டு விலகிச் சுற்றும், சில நூறு கிலோமீட்டர் கூடினாலும் சரி.