முதல் பால் கடைசியில்

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம் முடிந்த மறுநாள் விருந்தில் சொதி உண்டு. இலையில் ஊற்றினால் வெளுத்துப்போய், நோஞ்சான் குழம்புபோலத் தெரியும். மிளகாய்த்தூள் கிடையாது. பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைபட்டு உள்ளே ஒளிந்திருப்பது இரண்டாவது கவளம் தொண்டையில் இறங்கின பிறகுதான் உறைக்கும். பேய்ப்பட டீசர் வேலை செய்வதும் இப்படித்தான். காரம் கண்ணில் படக்கூடாது.

விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு டீசரும் ஒரு போஸ்டரும் செய்யச் சொன்னால் முதலில் தேடுவது வெள்ளைச் சேலை, விரித்துப்போட சவுரி, குங்குமம் கரைத்த ரத்தம். அது மிளகாய்த்தூளை மேலே தூவுகிற சமையல். பார்க்கிறவர் முதல் நொடியிலேயே ‘ஓ, பேயா’ என்று அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

அதே திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசத்தில் ஒரு டீசருக்கு அடுப்பு மூட்டிப் பார்ப்போம். முதல் வேலை தேங்காய் பார்ப்பது, அதாவது கதை. பாபநாசநாதர் கோயில் முன்னால் தாமிரபரணிப் படித்துறை. அமாவாசைக்கு வருகிறவர்கள் முன்னோர்க்குத் தர்ப்பணம் கொடுத்து, முழுகி, உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிடுவது வழக்கமாகிப்போனது. பாறையிலும் படியிலும் சுற்றிக் கிடக்கிற அந்தத் துணிகளைத் தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாக அள்ளியிருக்கிறார்கள். குளிக்கும்போது ஈரச்சேலை ஒன்று காலைச் சுற்றினால் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். வெளியூரிலிருந்து பேயை இறக்குமதி செய்யவும் வேண்டாம். 2015இல் வந்த ‘பாபநாசம்’ படத்தில்கூடப் பேய் இல்லை. ஒரு பிணம் எங்கே இருக்கிறது என்ற கேள்விதான் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலே ஆளை உட்காரவைத்தது.

ஆக, நம் கதை ஒரு வரி: தண்ணீருக்குள் கிடந்த சேலை, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் படியில் இன்னும் மேலே ஏறியிருக்கிறது.

சொதிக்கு ஒரே தேங்காயை மூன்று முறை பிழிவார்கள். மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாம் பாலில் கொதி வரும், கெட்டியான முதல் பால் கடைசியில். டீசரையும் அப்படியே பிரிக்கலாம். மொத்தம் 45 நொடி என்று வைத்துக்கொள்வோம். முதல் 20 நொடி மூன்றாம் பால்: காலை வெளிச்சம், குளிக்கிற சத்தம், பித்தளைச் செம்பு, ஆச்சியின் கையைப் பிடித்த பேத்தி, ஓரத்தில் பாறையைச் சுற்றின ஒரு பச்சைச் சேலை. யாரும் அதைக் கவனிக்கவில்லை, கேமராவும் கவனிக்காததுபோலவே இருக்க வேண்டும். அடுத்த 15 நொடி இரண்டாம் பால்: அதே இடம், சாயங்காலம், ஆள் இல்லை. சேலை இப்போது தண்ணீரைவிட்டு முதல் படியில் கிடக்கிறது. அடுத்த ஷாட்டில் மூன்றாம் படியில். கேமராவை முதல் ஷாட்டில் வைத்த அதே இடத்தில், அதே உயரத்தில் வைத்தால்தான் இந்த வித்தியாசம் தெரியும். படியில் சாக்பீஸால் குறி போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இருட்டுத் திரையில் பேத்தியின் குரல் மட்டும்: “ஆச்சி, அங்கன நிக்கது யாரு?”

படத்தின் பெயர் வரும். முடிந்தது என்று நினைக்கிற நேரத்தில் மூன்றே நொடி, முதல் பால். வீட்டு வாசல் படி, அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அவ்வளவுதான். முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும் என்பது சமைத்த எல்லாருக்கும் தெரியும்; இந்த மூன்று நொடியைப் பத்து நொடியாக இழுத்து முகத்தைக் காட்டினாலும் அதே கதிதான்.

தாளிப்பு, சத்தம். இதில்தான் மாணவர் படங்கள் பெரும்பாலும் கெட்டுப்போகின்றன: இணையத்தில் எடுத்த ‘டமார்’ ஒன்றைக் கடைசியில் ஒட்டிவிடுவார்கள். பாபநாசத்தில் ஆற்றுச் சத்தம் நிற்பதே இல்லை. காது அதற்குப் பழகி, கேட்காததுபோல ஆகிவிடும். ஆகவே பயமுறுத்த ஒரு சத்தத்தைச் சேர்க்க வேண்டாம், அந்த ஆற்றை நிறுத்துங்கள். சேலை மூன்றாம் படிக்கு வந்ததும் தண்ணீர்ச் சத்தம் அறுந்துபோகட்டும். அந்த அமைதியில் ஈரத்துணியைக் கல்லில் வைக்கிற ஒரு ‘சொத்’ போதும், கடுகு வெடித்ததுபோலக் கேட்கும். அதைப் பிற்பாடு வீட்டில், போர்வை போட்ட அறையில் பதிவு செய்யலாம்; வசனத்தையும் அங்கேயே.

சமையலறைச் சத்தத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் (1960) கத்தி இறங்குகிற சத்தம் முலாம்பழ வகை ஒன்றைக் குத்தி எடுத்தது, கறுப்பு வெள்ளையில் ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். அந்தப் படத்தின் டிரெய்லரோ ஆறு நிமிடத்துக்கும் மேல். ஹிட்ச்காக் தானே வீட்டைச் சுற்றிக்காட்டுவார், கொலையைக் காட்டமாட்டார்.

வெளிச்சத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பொதிகை மலை மேற்கே நிற்பதால் இங்கே வெயில் சீக்கிரம் ஒளிந்துவிடும், வானம் மட்டும் கொஞ்ச நேரம் நீலமாக இருக்கும். சாயங்கால ஷாட்களை அப்போதே எடுங்கள். முழு இருட்டில் செல்போன் படம் புள்ளி புள்ளியாகப் போகும். இருட்டு வேண்டுமென்றால் ‘பீட்சா’வில் (2012) செய்ததுபோலக் கதாபாத்திரத்தின் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்துவிடுங்கள்.

போஸ்டருக்குப் பாடம் திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயில் எதிரே இருக்கிறது. இருட்டுக்கடை அல்வா. ஒற்றை மங்கல் விளக்குதான் அந்தக் கடைக்குப் பெயரே வாங்கிக்கொடுத்தது. பெரிய அலங்காரப் பலகைக்கு அவசியமே வரவில்லை. போஸ்டரிலும் ஒரு விளக்கு, ஒரு பொருள்: இருண்ட படிகள், நடுப்படியில் ஈரச்சேலை. நடிகர் முகங்களை வரிசையாக அடுக்குவது பந்தி முழுவதையும் ஒரே இலையில் கொட்டுவது. தலைப்பு எழுத்திலிருந்து ரத்தம் ஒழுகவிட வேண்டாம். தமிழ் எழுத்தில் சுழியும் புள்ளியும் ஏற்கெனவே நிறைய, ஒழுகினால் படிக்க முடியாது.

ஒரு கணக்கு மட்டும் மறக்க வேண்டாம். ஃபுல் எச்டி வீடியோவிலிருந்து பிடிக்கிற ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 20 லட்சம் பிக்சல்தான். ஏ3 அளவில் சுத்தமாக அச்சடிக்க 1.7 கோடி வேண்டும். டீசர் எடுக்கிற அதே நாளில், அதே வெளிச்சத்தில், போஸ்டருக்கென்று தனியாக, நெடுக்குவாட்டில் போட்டோ எடுத்துவிடுங்கள். சினிமாக்காரர்கள் ஃபர்ஸ்ட் லுக் போஸ்டரை முதலில் விட்டு, டீசரைப் பின்னால் விடுவதால், அதுதான் முதலில் வெளியே போகும்.

அடுப்பில் கை சுடாமலிருக்கச் சில விஷயங்கள். கோயில் பக்கம் எடுக்கக் கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். சோதனைச்சாவடி தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கேமராவைத் திறக்கக்கூடாது. மேலே அணையும் மின்நிலையமும் இருப்பதால் மழை இல்லாத நாளிலும் தண்ணீர் ஏறும். ஆளை ஆழத்தில் இறக்கி எடுக்கிற ஷாட் எதுவும் வேண்டாம். அமாவாசை அன்று போகாதீர்கள், தர்ப்பணம் கொடுக்கிறவர்கள் உங்கள் துணை நடிகர்கள் அல்ல.

கிளம்பும்போது, படப்பிடிப்புக்காக நீங்கள் போட்ட சேலையை ஆற்றிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள்.