தெரிவுக்குப் போகும் பிள்ளை

மன்னார்த் தீவின் மாலைப் பொழுதுக்கென்று ஒரு தனி ஓசை உண்டு. கடற்காற்றின் இரைச்சலுக்கும் கோயில் மணிக்கும் பள்ளிவாசற் பாங்கொலிக்கும் இடையே, வெறுங்கால் பந்தை உதைக்கும் ஓசையே அது. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் பள்ளிமுனையிலும், பாலத்தைக் கடந்து சென்றால் வங்காலையிலும், வெயில் சற்றுத் தணிந்ததும் வெறும் மணற்பரப்பெல்லாம் மைதானமாகிவிடுகிறது. இக்கரையிற் பிறந்த பிள்ளை நடை பழகுமுன்னரே உதைக்கப் பழகிவிடும் என்று வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

இத்தகைய ஊரில், "பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் உதைபந்தாட்ட அணிக்கு வீரர் தெரிவு" என்று கழக வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டால், அது எத்தனை வீடுகளின் உறக்கத்தைக் கெடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சென்ற ஆண்டு எமது வீட்டின் உறக்கத்தையும் அது கெடுத்தது. பிள்ளையின் உறக்கத்தையல்ல, தகப்பனாகிய எனது உறக்கத்தை!

நான் செய்த பிழை

மாணவரைப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வதே என் தொழில். ஆகவே தெரிவையும் ஒரு பரீட்சையாகவே கருதிவிட்டேன். நேரசூசி ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதிகாலை ஐந்து மணிக்கு ஓட்டம், மாலையில் ஐம்பது உதைகள், இரவில் உபதேசம். மூன்று வாரம் இவ்வாறு கழிந்தது. தெரிவு நாளன்று மைதானத்தின் எல்லைக் கோட்டருகே நின்று, "தம்பி, ஓடு! விடாதே! இடப்பக்கம் பார்!" என்று தொண்டை வறளக் கத்தினேன். பாவம், பிள்ளை பந்தைப் பார்ப்பதா, என்னைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டுங்கெட்டு நின்றான்.

பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவன் பெயர் அவற்றில் இல்லை.

வீடு வரும்வரை மோட்டார் சைக்கிளின் பின்னால் அவன் மௌனமாய் இருந்தான். நானோ ஓயாது பேசிக்கொண்டு வந்தேன். அந்தப் பந்தை ஏன் விட்டாய், இந்தப் பந்தை ஏன் எடுக்கவில்லை என்று விசாரணை. வாசலில் நின்ற மனைவி, "ஏன் இப்பிடிப் பேசுறியள்? பிள்ளை பசியோட நிக்கிறான்" என்றாள். அவ்வளவில் நான் வாயை மூடினேன்.

அன்றிரவு படுக்குமுன் அவன் என்னருகே வந்து, "அப்பா, நான் இனி விளையாடக் கூடாதோ?" என்று கேட்டான். 'எடுக்கப்படவில்லை' என்பதை அவன் 'தடுக்கப்பட்டுவிட்டேன்' என்று விளங்கிக்கொண்டிருக்கிறான்! மூன்று வாரமாக எத்தனையோ கற்பித்த நான், அவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமையைக் கற்பிக்கவில்லை. அந்தக் கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஒரு மணித்தியாலத்தில் எது தெரியும்?

சில நாள் கழித்துப் பயிற்றுநரைக் கண்டு பேசினேன். அவர் மறைக்காமற் சொன்னார்: "சேர், நான் அண்டைக்குப் பாத்தது ஒரு மணித்தியாலம். அதுக்குள்ள உடம்பும் ஓட்டமுந்தான் தெரியும். விளையாட்டுத் தெரிய ஒரு வருசம் வேணும்."

அச்சொற்களின் உண்மையைப் பின்னரே உணர்ந்தேன். அந்தத் தெரிவு பெப்ரவரியில் நடந்தது; வயதெல்லை ஜனவரி முதலாந் திகதியைக் கொண்டு கணிக்கப்பட்டது. என் மகன் டிசம்பரிற் பிறந்தவன். அன்று அவனுக்குப் பதினொரு வயதும் இரண்டு மாதமும். அதே வரிசையில் நின்ற ஜனவரிப் பிள்ளைக்கோ பன்னிரண்டு வயதும் ஒரு மாதமும். பெரியவர்க்கிடையே பதினொரு மாதம் ஒரு பொருட்டன்று. பதினொரு வயதுப் பாலகனுக்கோ அது அவன் வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு!

இதனை ஆராய்ச்சியாளர் நெடுநாளாக அறிவர். கனடாவின் பனிக்கட்டி ஹொக்கி வீரரைப் பற்றி 1985ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, தெரிவு ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தவர்களே அணிகளில் மிகுதியாக இருப்பதைக் காட்டிற்று. உதைபந்தாட்டத்திலும் இவ்வாறே பல நாடுகளிற் காணப்பட்டிருக்கிறது. மூத்த பிள்ளை வளர்ந்திருக்கிறான், அதனால் எடுக்கப்படுகிறான், எடுக்கப்பட்டதால் நல்ல பயிற்சி பெறுகிறான், பயிற்சியால் மேலும் முன்னேறுகிறான். இளையவன் திறமையின்மையாற் பின்தங்கியதாக எண்ணப்படுகிறான். உண்மையில் அவன் பின்தங்கியது நாட்காட்டியினால்.

பிறந்த மாதம் மட்டுமன்று, உடல் விரைந்து வளரும் பருவமும் எல்லார்க்கும் ஒரே காலத்தில் வருவதில்லை. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதளவிலும், ஆண் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதளவிலும் அது உச்சமடையும். அக்காலத்தில் ஓராண்டுக்குள் 8 முதல் 10 சென்ரிமீற்றர் வரை உயருவதுண்டு. ஒரே வயதினரிலும் ஒருவனுக்கு அது இரண்டாண்டு முந்தலாம். மற்றவனுக்கு இரண்டாண்டு பிந்தலாம்.

உலகப் புகழ்பெற்ற ஆங்கிலேய வீரர் ஹரி கேனின் கதையை நோக்குங்கள். இங்கிலாந்தில் வயதாண்டு செப்டெம்பரில் தொடங்கி ஆகஸ்டில் முடிகிறது. அவர் பிறந்தது 1993 ஜூலை 28. தம் வகுப்பில் மிக இளையவருள் ஒருவர். எட்டு வயதில் ஆர்சனல் கழகத்தின் சிறுவர் பிரிவிற் சேர்ந்தவர், ஒரு பருவத்தின் பின் விலக்கப்பட்டார். அவரே பின்னர் டொட்டன்ஹாம் கழகத்திற்காகவும் இங்கிலாந்துக்காகவும் எவரும் அடித்திராத அளவு கோல்களை அடித்து, 2023ஆம் ஆண்டில் இரு சாதனைகளையும் தம்முடையதாக்கினார். விலக்கப்பட்ட பிள்ளைகளெல்லாம் ஹரி கேன் ஆகிவிடுவர் என்பதன்று இதன் பொருள். எட்டு வயதிற் கண்டது இருபத்தொன்பது வயதிற்குத் தீர்ப்பாகாது என்பதே பொருள்.

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது நம் பழமொழி. ஆனால் கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் நம் விவசாயிகளைக் கேளுங்கள். மூன்று மாத நெல்லையும் நாலரை மாத நெல்லையும் ஒரே நாளில் விதைத்து, அறுபதாம் நாள் வரம்பில் நின்று பார்த்தால், ஒன்று கதிர் தள்ளியிருக்கும். மற்றது வெறும் பச்சையாய் நிற்கும். அதற்காகப் பச்சையாய் நிற்பதைப் பிடுங்கி எறிபவன் விவசாயி ஆவானா?

ஆயத்தம் வேண்டாமா?

வேண்டும். ஆனால் அது அளவறிந்த ஆயத்தமாயிருத்தல் வேண்டும். நான் பட்டறிந்தவற்றையும் கேட்டறிந்தவற்றையும் இங்கே கூறுகின்றேன்.

முதலாவது, பந்து. எந்த அளவுப் பந்திலே தெரிவு நடக்கும் என்று கேட்டறியுங்கள். பெரியோர் ஆடும் ஐந்தாம் இலக்கப் பந்து 410 முதல் 450 கிராம் வரை நிறையுள்ளது. சிறுவர்க்குரிய நான்காம் இலக்கப் பந்து 350 முதல் 390 கிராம் வரை. ஒன்றிற் பழகிய கால் மற்றதிலே தடுமாறும்.

இரண்டாவது, நிலம். கடற்கரை மணலில் ஓடுவது காலுக்கு உரமளிக்கும். ஆயினும் மணலிற் பந்து உருளாது. மணலிலேயே ஆடிய பிள்ளை இறுகிய தரையில் பந்தை முதல் தொடுகையிலேயே கைநழுவ விட்டுவிடுவான். ஆகவே வாரத்தில் இரண்டு நாளாவது கடினமான தரையில், ஒரு சுவரை நோக்கி, இரு கால்களாலும் மாறிமாறி உதைத்து வாங்கப் பழகட்டும். செலவில்லாத பயிற்சி இது. சுவர் ஒருபோதும் ஏசுவதுமில்லை.

மூன்றாவது, காற்று. தீவின் தென்கரையிலே 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 காற்றாடிகளும் நம் காற்றின் வலிமைக்குச் சாட்சி. சோளகம் வீசும்போது உயர அடித்த பந்து அடித்தவனுக்கே திரும்பி வரும். தாழப் பந்து கொடுக்கவும், காற்று எப்பக்கம் வீசுகிறதென்று மைதானத்தில் இறங்கியதும் பார்க்கவும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நான்காவது, தலை. பந்தைத் தலையால் அடிக்க வைத்துப் பழக்கும் தகப்பன்மாரைக் காண்கிறேன். அமெரிக்க உதைபந்தாட்டச் சங்கம் பத்து வயதுக்குட்பட்டோர் தலையால் அடிப்பதை 2015இலே தடை செய்தது. இங்கிலாந்துச் சங்கம் ஆரம்பப் பள்ளிச் சிறுவரின் பயிற்சியில் அது வேண்டாமென்று 2020இல் அறிவுறுத்திற்று. இளம் மூளைக்கு அவ்வதிர்ச்சி ஆகாதென்ற எச்சரிக்கையே காரணம். அவர்கள் வேண்டாமென்பதை நாம் ஏன் வலிந்து செய்ய வேண்டும்?

ஐந்தாவது, உடம்பு. முழங்காற் சில்லின் கீழே நோவென்று பிள்ளை சொன்னால், "சோம்பல்" என்று அதட்டாதீர்கள். வளரும் வயதில் ஓட்டமும் துள்ளலும் மிகும்போது, தசைநார் எலும்பிற் பொருந்துமிடத்தில் நோ உண்டாவதுண்டு. அதற்கு ஓய்வும் வைத்திய ஆலோசனையும் வேண்டும். தெரிவுக்கு முந்திய இரு நாளும் கடும் பயிற்சி வேண்டாம். இரவில் ஒன்பது மணித்தியாலமாவது உறங்கட்டும். புதிய சப்பாத்தைத் தெரிவு நாளன்று முதன்முறையாக அணிவித்தால், குதிக்காலிற் கொப்புளந்தான் மிச்சம். இரு வாரம் முன்னதாகவே அணிந்து பழகவேண்டும். கணைக்காற் காப்பையும் மறவாதீர்கள். ஆட்ட விதிப்படி அது கட்டாயமானது.

ஆறாவது, உணவு. தெரிவு மாலை மூன்றரைக்கென்றால் மதியச் சோறு பன்னிரண்டரைக்குள் முடியட்டும். நண்டுக் கறியும் பொரியலும் இராச் சாப்பாட்டுக்கு இருக்கட்டும்! பின்னர் ஒரு வாழைப்பழம் போதும். தண்ணீரைக் காலையிலிருந்தே சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் தாகம் எடுத்த பின் குடிப்பது பிந்திய வைத்தியம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றோருக்கும் ஒரு சொல். இவையாவும் அவர்களுக்கும் உரியனவே. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளிற் பட்டம் வென்றதை நாம் கண்டோம். நம் தீவின் பெண் பிள்ளைகளுக்குக் கால்கள் இல்லையா? மனந்தான் நமக்கு வேண்டும்.

எல்லைக் கோட்டுக்கு வெளியே

இவை யாவற்றிலும் பெரிய ஆயத்தம் பெற்றோருடையது. மைதானத்தை அடைந்ததும், "போய் நன்றாக விளையாடு தம்பி" என்று ஒரே ஒரு வாக்கியம்; அதன்பின் மௌனம். கோட்டருகே நின்று கத்துவதிலும், தூரத்து நிழலில் நிற்பது நன்று. திரும்பும் வழியில் விசாரணை வேண்டாம். பசிக்கிறதா என்று கேளுங்கள். முக்கியமாக, தெரிவுக்குப் போகுமுன்னரே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "எடுத்தாலும் நாளைக்கு விளையாட்டு உண்டு, எடுக்காவிட்டாலும் நாளைக்கு விளையாட்டு உண்டு."

நகரத்துப் பிள்ளை ஒரு கழகத்தில் இடம் பெறாவிட்டால் அடுத்த வீதிக் கழகத்துக்குப் போகலாம். நம் தீவிலோ ஊருக்கு ஊர் கழகம். ஒன்றிலே விடுபட்டவனுக்குப் பெரும்பாலும் வேறு வாசல் இல்லை. ஆகவே இங்கு ஒரு 'இல்லை' என்ற சொல் ஒரு பிள்ளையின் விளையாட்டு வாழ்வையே முடித்துவிடக் கூடும். இது சிறிய காரியமன்று. 1990இல் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டும், 2009 வரை யுத்தத்தால் ஊர்கள் பெயர்ந்தும் சிதறிய கரை இது. மீண்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், கத்தோலிக்கர், இஸ்லாமியர், இந்துக்கள் என்ற வேற்றுமையின்றி, ஒரே பந்தின் பின் ஓடும் இடம் மைதானம். அங்கிருந்து ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி மறந்துவிடுவது நமக்குக் கட்டுபடியாகாது.

கழகத்தாரிடம் நான் வேண்டுவது இதுவே. இருபது பேரைத் தெரிந்தெடுங்கள். ஆனால் எஞ்சிய பிள்ளைகளுக்கும் வாரத்தில் ஒரு மாலையைக் கொடுங்கள். பெயர் வாசிக்கும்போது, வாசிக்கப்படாத பிள்ளைகளை நோக்கி, "அடுத்த கிழமையும் வாருங்கள்" என்று சொல்லுங்கள். வயதை மட்டும் பாராமல் உடல் வளர்ச்சியையும் பார்த்து அணி பிரிக்கும் முறை இங்கிலாந்திலும் பரீட்சிக்கப்பட்டிருக்கிறது. நமக்கு அதற்குக் கருவிகள் வேண்டாம்; தெரிவுப் பட்டியலிற் பெயருக்கு அருகே பிறந்த மாதத்தை எழுதிக்கொண்டாலே போதும்.

நிற்க. என் மகனுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். அன்றிரவு சொற்கள் வரவில்லை. மறுநாள் மாலை பந்தை எடுத்துக்கொண்டு, "வா தம்பி" என்று வீட்டுப் பின்சுவருக்கு அழைத்துப் போனேன். அவன் உதைக்க, சுவர் திருப்பியடிக்க, நான் பொறுக்கிப் போட்டேன். சுவரிலிருந்த நேரசூசியைக் கிழித்துவிட்டோம். இப்போது அவன் இடக்காலாலும் உதைக்கிறான். பயிற்றுநரும், சொன்ன சொற்படி, கிழமைக்கொரு மாலை அவனையும் அவன் போன்ற ஆறேழு பேரையும் சேர்த்துக்கொள்கிறார்.

அடுத்த தெரிவு வரப்போகிறது. எடுக்கப்படுவானோ, நான் அறியேன். அதற்கு மறுநாள் மாலை அவன் எங்கிருப்பான் என்பதை மட்டும் நன்கு அறிவேன்.